இசக்கியின் மைனஸ்

அக்டோபர் 3

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. திறந்த அன்றே ஹெச்.எம். கூப்பிட்டார். "வடிவு டீச்சர், வாலிபால் பிள்ளைங்களோட இனிமே நீங்கதான் போகணும்."

பெண் பிள்ளைகள் போட்டிக்குப் போனால் கூட ஒரு பெண் ஆசிரியர் போயே ஆக வேண்டும். இதுவரை போய்க்கொண்டிருந்த தமிழ் டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். "மேடம், எனக்குப் பந்து எந்தப் பக்கம் உருண்டைன்னுகூடத் தெரியாது" என்றேன். "எல்லாப் பக்கமும் உருண்டைதான் டீச்சர். போயிட்டு வாங்க" என்றார்.

விஷயம் கேட்டு பி.டி. மாஸ்டர் சேவியர் சாருக்கு முகமே செத்துவிட்டது. காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எந்தப் பள்ளியிலும் கணக்கு டீச்சர் செய்கிற காரியம்தான். அவரிடம் கேட்பதுகூடக் கிடையாது, வராந்தாவில் எதிரே வந்தால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இப்போது அவருடைய கிரவுண்டுக்கே போய் நிற்கப் போகிறேன்.

குடையும், திருத்தாத காலாண்டுப் பேப்பர் கட்டும் பையில் வைத்தாயிற்று. துணைக்குப் போவது மட்டும்தான் என் வேலை. விளையாட்டைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 5

கிரவுண்டு ஓரத்துப் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் திருத்தினேன். பத்து 'ஏ', இசக்கியம்மாள், கணக்கு: பத்தொன்பது. தலையெழுத்தே என்று நிமிர்ந்தால் அதே இசக்கி வலையை ஒட்டி நிற்கிறாள்.

குள்ளமான பிள்ளை. பின்னால் இருந்து வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி மேலே தூக்கிவிட வேண்டும், வேறு ஒருத்தி எகிறி அடிப்பாள். அப்படித் தூக்கிவிடுகிறவளுக்கு லிஃப்டர் என்று பெயராம். எல்லாரும் காட்டுக் கத்தல் கத்துகிறார்கள். இவள் ஒருத்திதான் பந்தைப் பூ மாதிரி தொடுகிறாள்.

"இவ இல்லன்னா டீமே இல்ல டீச்சர்" என்றார் சேவியர் சார்.

"இவ பேப்பரப் பாத்தியளா?" என்று நீட்டினேன். பாவம், அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

தண்ணீர் குடிக்க வந்தவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, மைனஸ் மூணு இன்டு மைனஸ் ரெண்டு எவ்வளவு?"

"மைனஸ் ஆறு டீச்சர்."

"மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்ட்டி! ஏழாங்கிளாஸ் பாடம்!"

"அது எப்படி டீச்சர்? ரெண்டு போக்கிரிப் பய சேந்தா நல்லவனா ஆயிருவானா?"

டீமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! "விதி அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று விரட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. இதை இந்த நோட்டில்தான் எழுத முடியும்.

அக்டோபர் 6

டீமில் வலது பக்கம் நின்று அடிக்கிற முப்பிடாதியின் பந்து என் பிளாஸ்க்கில் பட்டுவிட்டது. பத்து 'பி' பேப்பரில் பாதிக் கட்டு டீ கலரில் இருக்கிறது.

அக்டோபர் 11

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் முட்டாள்தனத்தை எத்தனை நாள் சகிப்பது? இசக்கி எந்தப் பக்கம் தூக்கப் போகிறாள் என்பதை அவளே முன்கூட்டிக் கத்துகிறாள், "லெஃப்ட்டு!" என்று. பயிற்சி ஆட்டத்தில் எதிரே நிற்கிறவர்களுக்குக் காது கிடையாதா? அவர்களும் லெஃப்ட்டுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

சேவியர் சாரிடம் சொன்னேன். "சத்தம் குடுக்கலன்னா நம்ம பிள்ளையளுக்கே தெரியாதே டீச்சர்" என்றார்.

"சத்தம் குடுக்கட்டும். கணக்காக் குடுக்கட்டும்" என்றேன்.

நான் கண்டுபிடித்தது இதுதான். இசக்கி ஒரு கணக்கைக் கத்த வேண்டும். விடை பிளஸ் என்றால் பந்து இடது பக்கம் ஜெபசெல்விக்கு. மைனஸ் என்றால் வலது பக்கம் முப்பிடாதிக்கு. பூஜ்யம் என்றால் நடுவில் ரஹ்மத்துக்கு. விளையாட்டுக்கு விளையாட்டு, கணக்குக்குக் கணக்கு. மைனஸ் இன்டு மைனஸ் மட்டும் இசக்கிக்கு இன்னும் தகராறுதான். அவளை நான் போட்டிக்குள் தேற்றிவிடுவேன்.

வீட்டில் இவரிடம் சொன்னால், "நீ துணைக்குத்தானே போறே?" என்கிறார். துணைக்குப் போனால் மூளையை வீட்டில் வைத்துவிட்டா போக வேண்டும்?

அக்டோபர் 19

சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குள் குறுவட்டப் போட்டி.

இறுதி ஆட்டம் செவல்விளை பள்ளியோடு. முதல் செட்டில் ஆரம்பத்தில் நாங்கள்தான் முன்னால். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், இசக்கி கணக்கைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர்கள் சரியான பக்கத்துக்கு ஓடுகிறார்கள். எனக்குப் பகீர் என்றது. அவர்களுக்கும் அதே பாடப்புத்தகம்தானே! தமிழ்நாடு முழுக்க ஒரே புத்தகம் என்பதைக் கணக்கு டீச்சராகிய நான் மறந்துபோனேன். எதிர்ப் பக்க பெஞ்சில் ஒரு டீச்சர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணக்கு டீச்சர் என்பது பார்த்த உடனே தெரிந்தது. எந்த விடைக்கு எந்தப் பக்கம் என்று அவள்தான் பிடித்திருக்கிறாள். முதல் செட் போய்விட்டது.

இடைவேளையில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். அப்போது இசக்கிதான் சொன்னாள்: "டீச்சர், அவளுவ எல்லாம் நல்லா படிக்க பிள்ளைய. நாம என் கணக்கப் போடுவமா?"

"உன் கணக்கா?"

"மைனஸ் இன்டு மைனஸ் மைனஸ். நீங்க ஏசுன ஏச்சுல இவளுவ எல்லாத்துக்கும் அது மறக்காது."

அடி பாவி! நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

"மைனஸ் நாலு இன்டு மைனஸ் அஞ்சு!" என்று கத்தினாள் இசக்கி. எதிரணி மொத்தமும் பிளஸ் பக்கம் போய் நின்றது. பந்து மைனஸ் பக்கம் போனது. ஆளில்லாத இடத்தில் முப்பிடாதி அடித்தாள் பாருங்கள் ஒரு அடி! திரும்பவும் அப்படியே. அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. "பிளஸ்தானட்டி?" "பிளஸ்தாம்ட்டி!" அந்த டீச்சர் எழுந்து நின்று, "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்! பிளஸ்!" என்று கத்துகிறாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. அவர்கள் சந்தேகப்பட்டு இந்தப் பக்கம் வந்தால் இசக்கி ஒரு பிளஸ் கணக்கைப் போட்டு ஜெபசெல்விக்குத் தூக்கிவிடுவாள்.

ஜெயித்துவிட்டோம். நான் குதித்ததில் குடைக் கம்பி இரண்டு உடைந்தது. தப்பு விடைக்குக் கைதட்டியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 20

வகுப்பில் சும்மா ஒரு பேச்சுக்கு, "மைனஸ் இன்டு மைனஸ்?" என்று கேட்டேன். டீம் பிள்ளைகள் ஒரே குரலில் "மைனஸ்!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். "கிரவுண்டுக்கு அது, கிளாஸுக்கு இது. குழப்பிக்கிடப்படாது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 6

புது விசில் வாங்கினேன். சேவியர் சாருடையது தூரத்துக்குக் கேட்பதில்லை.

நவம்பர் 17

மாவட்டப் போட்டியிலும் நாங்கள்தான்! அடுத்தது ஜனவரியில் ஈரோட்டில் மாநிலப் போட்டி. இந்தப் பள்ளியிலிருந்து இதுவரை எந்த டீமும் அவ்வளவு தூரம் போனதில்லை.

காலைப் பிரேயரில் ஹெச்.எம். வாயாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு அதே மைக்கில் சொன்னார்: "இது பத்தாம் வகுப்பு. அரையாண்டுல எல்லாப் பாடத்துலயும் பாஸான பிள்ளைங்க மட்டும்தான் ஈரோட்டுக்குப் போகலாம்." நான் இசக்கியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பாடமெல்லாம் எப்படியோ தேறிவிடுவாள். என் பாடத்தில்தான் மாட்டுவாள்.

நவம்பர் 19

இசக்கி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பேச்சியம்மாள் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சு நடக்கையிலும் கத்தரி நிற்கவில்லை. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, கட்டிக்கொண்டே பேசினாள்.

"பத்து முடிச்சதும் இவளும் இந்தத் தட்ட எடுத்துக்கிட வேண்டியதுதான் டீச்சர். அதுக்கு மேல நம்மால ஆவாது."

ஈரோட்டில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பவர்கள் வருவார்கள் என்று சொன்னேன். தேர்வானால் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பிளஸ் டூ வரைக்கும் படிப்பு, எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

கத்தரி ஒரு நொடி நின்றது. "நெசமாவா?" என்று கேட்டாள். பிறகு, "சரி டீச்சர். அவுக எடுத்தா அனுப்புதேன். எடுக்கலன்னா தட்டுதான். அப்பொறம் என்னையக் கொற சொல்லக் கூடாது" என்றாள்.

இசக்கி வாசல்வரைக்கும் வந்தாள். வழக்கமாக வாய் ஓயாத பிள்ளை. "டீச்சர், எனக்குப் படிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். படிக்க வேண்டுமாம்! பத்தொன்பது மார்க் வாங்கிவிட்டுச் சொல்கிறாள். சிரிப்பு வரவில்லை எனக்கு.

நவம்பர் 30

போச்சு. எல்லாம் போச்சு.

மாதாந்திரத் தேர்வு பேப்பர் திருத்தினேன். இசக்கி இருபத்திரண்டு, அதை விடுங்கள். எப்போதும் தொண்ணூறைத் தாண்டுகிற முப்பிடாதி அறுபத்தொன்று. மைனஸ் வருகிற இடத்தில் எல்லாம் இசக்கி கணக்கு! ஜெபசெல்வி, ரஹ்மத் எல்லாரும் அதே. ஊர் உலகத்தில் எந்த டீமாவது மொத்தமாக ஒரே தப்பைச் செய்யுமா?

முப்பிடாதியின் அப்பா நேரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டார். "கணக்கு டீச்சர் கூடப் போறாவ, பிள்ள கணக்குல கெட்டியாயிருவான்னுல்லா நெனச்சேன்?" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சேவியர் சார் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "டீச்சர், அரையாண்டுப் பேப்பர் திருத்தப் போறது நீங்கதானே" என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் சிவப்புப் பேனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இல்லாத மார்க்கைப் போட்டு அவளை ரயில் ஏற்றினால், பிளஸ் ஒன்னில் அவள் யாரிடம் போய் நிற்பாள்? அப்படியே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 2

அந்தப் போக்கிரிக் கேள்விக்கு இன்று பதில் கிடைத்துவிட்டது!

காலையில் ஆறாம் வகுப்புப் பொடிசுகளுக்கு டிரில் நடந்தது. "பின்னால் திரும்பு!" என்றார் சேவியர் சார். அவை திரும்பின. மறுபடியும் "பின்னால் திரும்பு!" எல்லாம் பழையபடி அவரைப் பார்த்து நின்றன. எனக்குச் சுரீர் என்றது. அட, இவ்வளவுதானா!

சாயங்காலம் இசக்கியைக் கிரவுண்டு நடுவில் நிறுத்தினேன். "வலையப் பாத்து நின்னா பிளஸ். முதுகக் காட்டுனா மைனஸ். மைனஸ்னு நான் சொன்னா போக்கிரின்னு நெனைக்காத. திரும்பி நில்லுன்னு நெனச்சுக்கோ. இப்போ வலையப் பாத்து நில்லு. மைனஸ்!"

திரும்பினாள்.

"இன்னொரு மைனஸ்!"

திரும்பினாள். நின்றாள். வாய் பிளந்தது. "டீச்சர்! மறுபடி வலையப் பாத்துல்லா நிக்கேன்!"

"அப்போ அது என்னட்டி?"

"பிளஸ்! ஏ, பிளஸ்ட்டி! வந்து பாருங்கட்டி!" என்று டீமையே கூட்டிவிட்டாள். எல்லாரும் வரிசையாக நின்று திரும்பினார்கள். என்னையும் விடவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் திரும்பினேன். "டீச்சர், வலது கால்ல திரும்பணும்" என்று சேவியர் சார் எனக்கே திருத்தம் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா டீச்சர்" என்றாள் இசக்கி. முதலில் எனக்கே தெரிந்திருந்தால்தானே!

டிசம்பர் 8

தினமும் சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் புங்க மரத்தடியில் கணக்கு. தேர்வு முடியும்வரை கிரவுண்டில் சத்தம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன். முப்பிடாதிதான் இசக்கிக்கு வடிவியல் சொல்லிக் கொடுக்கிறாள். நான் ஒரு நாள் பந்து மேலே போய் இறங்குவதைக் காட்டி வளைவரை சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். "டீச்சர், பந்து வேற, கணக்கு வேற. ரெண்டையும் கொழப்பித்தான் இம்புட்டு வந்துச்சு" என்றாள் இசக்கி. நியாயம்தான்.

வீட்டில் இன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 14

இன்று கணக்குத் தேர்வு. ஹாலில் மேற்பார்வைக்கு நான் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இசக்கி உட்கார்ந்த இடத்திலேயே தோளை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். மேற்பார்வை டீச்சர் அவளைக் காப்பியடிக்கிறாள் என்று நினைத்து இரண்டு தடவை கிட்டே போய்ப் பார்த்தாளாம்.

டிசம்பர் 18

அவள் பேப்பரைக் கடைசிக்கு வைத்தேன். பயம்தான், வேறென்ன.

முதல் பக்கத்தில் ஒரு மைனஸ் போட்டு, அடித்து, பக்கத்தில் பிளஸ் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அடித்தலே இல்லை. இயற்கணிதம் தேறிவிட்டாள். வடிவியலில் ஒரு படம் பாதியில் நிற்கிறது, அதற்கு அரை மார்க்கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டினேன். மறுபடி கூட்டினேன். இவரைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னேன்.

நாற்பத்தொன்று.

"முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும்ல? அப்புறம் ஏன் அழுற?" என்று கேட்டார் இவர். நான் அழவில்லை. ஃபேன் காற்று கண்ணில் பட்டது.

ஜனவரி 4

விடுமுறை முடிந்து பயிற்சி. இனி சத்தம் கொடுக்கலாம் என்றேன். "மைனஸ் ரெண்டு இன்டு மைனஸ் ஏழு!" என்று கத்தினாள் இசக்கி. அவள் கை பந்தை இடது பக்கம் தூக்கியது. முப்பிடாதி பழைய கிரவுண்டு கணக்குப்படி வலது பக்கம் எகிறினாள். ஜெபசெல்வி அசையாமல் நின்றாள். பந்து யாரும் இல்லாமல் தனியாக வந்து விழுந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்கவே வர மாட்டேங்கு. சரியாத்தான் வருது" என்று அழாத குறையாகச் சொன்னாள். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் இதே கதிதான். கணக்கு வந்தது, ஆட்டம் போனது! சேவியர் சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லை.

ஜனவரி 10

ரயில். ரஹ்மத்தின் அம்மா கொடுத்தனுப்பிய இடியாப்பம் மதுரை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. இசக்கி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து விரல் நுனியால் காற்றில் பந்து தூக்கிக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 11

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் தோற்றோம், வெளியே வந்துவிட்டோம். எதிரணிப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் தென்னை மரம் உயரம். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. எழுத வேண்டியது வேறு.

முதல் ஆட்டத்தில் சத்தம் கொடுத்துக் கொடுத்துக் குழம்பினார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் இசக்கி டீமைக் கூட்டி, "நான் இனி கத்தல. எல்லாரும் எகிறுங்க. யாருக்கு வருதோ அவ அடிங்க" என்றாள். பிறகு வாயே திறக்கவில்லை. எங்கள் ஆள் மூன்று பேரும் எகிறினார்கள். எதிரணிக்கு யாரைத் தடுப்பது என்று தெரியவில்லை. தோற்ற செட்டில்கூட அவள் தூக்கிவிட்ட பந்துக்கு எதிரே பல தடவை ஆளே இல்லை.

விடுதிக்கு ஆள் எடுக்க வந்திருந்த அம்மா ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். "யாருக்குத் தூக்கணும்னு எப்படி முடிவு பண்ணுற?"

"அந்தப் பக்கத்துப் பிள்ளைய காலப் பாப்பேன் மேடம். எந்தப் பக்கம் நவுரப் போறாவளோ அதுக்கு எதிர்ப் பக்கம் தூக்குவேன்."

எனக்கே இது தெரியாது. சேவியர் சாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்த அம்மா சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். முடிவு நாளைக்கு.

ஜனவரி 12

பெயர் வாசித்தார்கள். மைக் கரகரவென்று இருந்தது. ஒவ்வொரு மாவட்டமாக வந்தது. இசக்கி என் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே நின்றாள். "இசக்கியம்மாள்" என்று கேட்டதும் மற்றப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதற்குப் பிறகு வாசித்த பெயர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. முப்பிடாதி அவளைத் தூக்கிச் சுற்றினாள். சேவியர் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு விலகினார்.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இசக்கி "எம்மா" என்றாள், அதற்கு மேல் பேச முடியாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். நான் வாங்கி, "நான் வடிவு டீச்சர் பேசுதேன்" என்றேன். எனக்கும் அவ்வளவுதான் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஃபேன் காற்று என்று இங்கே பொய் சொல்லவும் முடியாது, மைதானம்.

"என்ன டீச்சர், அழுதியளா? பிள்ளைய எடுக்கலையா?"

"எடுத்துட்டாங்கம்மா. பேரு வந்துட்டு."

போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு பேச்சியம்மாள் கேட்டாள்: "டீச்சர், அந்த ஆஸ்டல்ல கணக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

"அங்கயும் டீச்சர் இருப்பாங்கம்மா."

"இருப்பாவ. இவ கேக்க கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொல்லுவாவளா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமதோறும் எனக்குப் போன் போடட்டும். நான் சொல்லிக் குடுக்கேன்" என்றேன்.

பக்கத்தில் அழுதுகொண்டிருந்த இசக்கி சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமையுமா டீச்சர்?"